மழையில் உலர்ந்த குழாய்கள்

கொட்டுகிற மழையில் பாறைச் சரிவிலிருந்து சேறு வராவிட்டால் யாராக இருந்தாலும் சந்தோஷப்படுவார்கள். நாச்சம்மைக்கோ அதுதான் பயம்.

வியட்நாமின் கடலோர ஊரான வுங் தாவில், மலையின் இந்தச் செங்குத்துச் சரிவுக்குக் காப்புப் போட்டவளே அவள்தான். ஊரை ஹோ சி மின் நகரத்தோடு சேர்த்த பிறகு பொறியாளரான அவளுக்கு வந்த வேலை. உளுத்த பாறையின் மேல்மண் மழைக்கு மழை கரைந்து வீடுகளின் முதுகில் விழுந்துகொண்டிருந்தது. தேங்காய்நார்ப் பாய் விரித்து, அதன்மேல் கம்பிவலை இழுத்து ஆணியடித்து, புல் விதை தெளிக்கவைத்தாள். அடியில் ஆளுயரக் கான்கிரீட் சுவர். உள்ளே இறங்கும் தண்ணீர் வெளியேறச் சுவர் நெடுகக் குழாய்கள். நகரத்தில், பென் தான் சந்தைப் பக்கத்து அலுவலகத்தில் எல்லோரும் முளைத்த புல்லின் படத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார்கள். குழாயை யார் படம் எடுக்கப்போகிறார்கள்!

புல் வேர் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வந்தவள், மரியின் காப்பிக்கடைப் பின்புறம் குடையோடு நின்றாள். காலையிலிருந்து மழை. ஒரு குழாயிலும் சொட்டுக்கூட இல்லை.

மரி, காரைக்கால் தாய்க்குப் பிறந்து நகரத்துக் கான் ஹொய் துறைமுகத்தெருவில் வளர்ந்தவள். தமிழ் பேச ஆள் கிடைத்ததில் நாச்சம்மையிடம் அவளுக்கு அப்படி ஒரு பிரியம். கடையும் வீடும் ஒன்றுதான். சரிவுக்குப் பயந்து முன்னறையில் படுத்துக்கொண்டிருந்தவர்கள், காப்பு வந்ததும் கட்டிலைப் பின்னறைக்கு மாற்றிவிட்டார்கள். மீன்பிடித்துவிட்டு வந்த அவள் கணவன் இக்னாஸ், இப்போது சுவரை ஒட்டிய அந்தக் கட்டிலில்தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

தண்ணீர் ஏன் வரவில்லை என்று நாச்சம்மை கேட்டாள். மரிக்கு முகமெல்லாம் பெருமை.

"சேத்துத் தண்ணி கொட்டி மேசையெல்லாம் பாழாப்போச்சு. நீங்க உட்டுட்டுப் போன நாருத் துண்ட வச்சு நல்லா அடைச்சிட்டேன்."

நாச்சம்மை சுவரைப் பார்த்தாள். அவள் விட்டுப்போன நார், அவள் வைத்த குழாய். உள்ளே ஒரு காலைப்பொழுதின் மழை முழுவதும் தேங்கிச் சுவரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. நெஞ்சளவில் மயிரிழைபோல ஒரு விரிசல். போன மாதம் அது இல்லை. சுவர் முன்னுக்குச் சாய்ந்திருப்பதுபோலவும் பட்டது. உண்மையா, பயமா, அவளால் சொல்ல முடியவில்லை.

"மரிக்கா, மாமாவ எழுப்பி ரோட்டுக்குக் கூட்டிக்கிட்டு போங்க. இப்பவே."

அந்த முகத்தைப் பார்த்த மரி ஏனென்று கேட்காமல் உள்ளே ஓடினாள்.

இப்படிப்பட்ட சுவருக்குக் கீழே யாரும் நிற்கக்கூடாது. மற்றவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பதே நாச்சம்மைதான். ஆனால் இக்னாஸ் லேசில் எழுந்திருக்கிற ஆளில்லை. மரி அவனை உலுக்குவது வெளியில் கேட்டது. அதுவரை சுவர் தாங்குமோ தாங்காதோ, நாச்சம்மை கடையிலிருந்த ஐஸ் குத்தும் ஊசியை எடுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். நார் ஊறிப் பருத்து இறுகியிருந்தது. ஊசி இரண்டு தரம் கான்கிரீட்டில் வழுக்கியது. அம்மா, அம்மா என்று வாய் தானாக முனகியது. மூன்றாம் குத்தில் அடைப்பு பிய்ந்து, செந்நிறத் தண்ணீர் அவள் மார்பில் அறைந்து அவளைக் கீழே தள்ளியது. எழுந்து அடுத்ததைக் குத்தினாள். பிறகு அதற்கடுத்ததை.

மரி வீட்டுப் பின்புறத்துக் கடைசிக் குழாயும் திறந்துகொண்டபோது இக்னாஸ் அரைக்கால் சட்டையோடு ரோட்டில் நின்று விழித்துக்கொண்டிருந்தான். நாச்சம்மை சேற்றில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பயமும் நிம்மதியும் கலந்த அழுகை, வெட்கப்படத் தோன்றவில்லை.

மரி வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"பக்கத்து வீட்டுக்காரங்க கேட்டாங்கன்னு அவங்களுக்கும் நான்தான் நாரு குடுத்தேன். எல்லாரும் அடைச்சிட்டாங்க."

நாச்சம்மை தலையைத் திருப்பினாள். சுவர் சந்தின் கோடிவரை போனது. வீடுகள் எல்லாம் மழைக்குக் கதவடைத்துப் பகல் தூக்கத்தில் இருந்தன. எங்கோ மேலே சரளைக்கல் உருண்டு கம்பிவலையில் மோதும் சத்தம். ஓடிப்போய் ரோட்டில் நிற்கும் காரில் ஏறிவிடு என்று உடம்பு கெஞ்சியது. ஊசியை இறுகப் பிடித்துக்கொண்டு அவள் எழுந்தாள்.

மரி வியட்நாமியில் கத்திக்கொண்டே சந்துக்குள் ஓடினாள். நாச்சம்மை பக்கத்து வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தட்டினாள். மழை நிற்கட்டும், அப்புறம் வா என்று உள்ளிருந்து தூக்கக் கலக்கத்தில் ஒரு பெண் சொன்னாள். அந்த அளவு வியட்நாமி புரிந்த நாச்சம்மை இன்னும் ஓங்கித் தட்டினாள்.