குப்பம்மாவை விடாத கொடிரோஜா

1949ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், எண்ணூர்த் துரை பங்களாத் தோட்டத்துக் கொடிரோஜா, பெண் பார்க்க வந்த குப்பம்மா அம்மையாரை நான்கு நாட்கள் பிடித்து வைத்திருந்தது. அவ்வாரம் இறால் மலிவாக இருந்தபடியால் அவரை உபசரிப்பதில் சிரமம் ஏதும் ஏற்படவில்லை.

பொய் சொல்லிவிட்டுப் புறப்படுபவரை அக்கொடி விடாது. தோட்டக்காரர் எத்திராஜ் இதனை அறிவார். துரையே சீமைக்குப் புறப்பட்ட நாளில், சீக்கிரம் திரும்பி வருவேன் என்று சொன்ன குற்றத்திற்காகத் தமது கால்சட்டையைக் கொடியிடம் கழற்றிக் கொடுத்த பின்னரே கப்பலேறினார்.

எத்திராஜின் மகள் புஷ்பவல்லிக்கு வயது இருபத்திரண்டு. காத்திவாக்கத்து வீட்டிற்கு வந்து அவளைப் பார்த்த ஏழு குடும்பத்தாரும் இறால் வடையைத் தின்றுவிட்டு, "போய்ச் சொல்லியனுப்புறோம்" என்றனர், ஒருவரும் சொல்லியனுப்பவில்லை. ஆகவே எட்டாவது குடும்பத்தைப் பங்களாத் தோட்டத்துப் பூக்களின் நடுவே அமர்த்துவதென்று எத்திராஜ் தீர்மானித்தார். திருவொற்றியூர்த் தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கும் ஜெயவேலும், அவன் தாயார் குப்பம்மாவும் வந்தனர். புஷ்பவல்லி வைத்த இறால் குழம்பை மும்முறை கேட்டு வாங்கி உண்டனர். பிறகு வாயிலருகே நின்று, "போய்ச் சொல்லியனுப்புறோம்ணே" என்றார் அம்மையார். கொடி நிதானமாக இறங்கி வந்து, அவருடைய புடவையையும் கொண்டையையும் ஒருங்கே பற்றியது. அரிவாளால் வெட்டினார்கள், வெட்டிய இடத்தில் இரண்டாகத் துளிர்த்து மொட்டும் விட்டது.

ஜெயவேல் வாய்விட்டுச் சிரித்தான். அச்சிரிப்பைக் கண்டதும் புஷ்பவல்லிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அக்கணமுதல் அவள் வாழ்வு, முள்ளில் மாட்டியிருந்த அம்மையாரின் ஒரு சொல்லில் தொங்கலாயிற்று.

நாள்தோறும் ஆலைச் சங்கு ஊதியதும் ஜெயவேல் வந்தான்.

"யம்மா, இன்னா கொறைன்னு உண்மையச் சொல்லிட்டு வாயேன். எனுக்குப் பொண்ணப் புடிச்சிக்கீது."

"பொண்ணு குட்டையா கீதுடா."

முட்கள் இறுகின.

"நடை சரியில்ல."

மேலும் இறுகின.

"சரி சரி, எனுக்குந்தான் புடிச்சிக்கீது, போடா!"

அதற்குக் கொடி காதையும் சேர்த்து வளைத்தது.

நான்காம் நாள், புஷ்பவல்லி ஊட்டிய சோற்றை விழுங்கிய அம்மையார் திடீரென்று தேம்பி அழுதார். "இவ கொயம்பு என்னுதவுட நல்லாக்கீதுடா. இவ வந்தா நீ என் கையால துன்னுவியா?"

கொடி அவரை விட்டது.

அம்மையார் கொண்டையை முடிந்துகொண்டு வாயில்வரை நடந்தார். புஷ்பவல்லியின் கையிலிருந்த உருண்டை அப்படியே நின்றது. அவர் திரும்பினார்.

"இன்னாடி பாத்துகினு கீற? தெனம் நீயே ஆக்கிப்புடலாம்னு பாக்கிறியா? ஒரு நாள் நீ, ஒரு நாள் நானு. வர்ற வெள்ளிக்கெயம தட்டு மாத்திக்கலாம்."

எவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அனைவரும் கொடியையே பார்த்தனர். ஓர் இலைகூட அசையவில்லை. எத்திராஜ் சட்டையை மாட்டிக்கொண்டு வெற்றிலை பாக்கு வாங்கப் புறப்பட்டார்.