தலை மட்டும் விழவில்லை

சந்தானம் மீன் பிடிக்கப் போகிறார் என்பது அவருடைய ஆபீஸ் முழுக்கத் தெரியும். அவருக்கு மீன் கிடைக்கிறது என்பதை மட்டும் அங்கே ஒரு ஜீவனும் நம்பவில்லை. வீட்டில் விஷயம் தலைகீழ். அவர் தூண்டிலைக் கையால் தொட்டிருப்பார் என்று யாராவது சொல்லியிருந்தால் ஜோகுபாளையத்தில் அவருடைய தெருவே விழுந்து விழுந்து சிரித்திருக்கும்.

சிரிக்காமல் என்ன செய்யும்? தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் ஒரு தாலுகாவையே ஆண்ட அமல்தார். அப்பா விதான சௌதாவில் ஃபைல் தள்ளி ரிட்டயர் ஆனவர். இத்தனை தலைமுறையில் அந்த வீட்டுக்குள் முட்டை போட்ட கேக் கூட நுழைந்ததில்லை. சந்தானம் கத்திரிக்காயில் புழுவைப் பார்த்தால் அன்றைக்குச் சாப்பாட்டையே ஒதுக்கிவிடுகிற ஆசாமி. அப்பேர்ப்பட்டவருக்கு, டெல்லிக்கு மாற்றலாகிப் போன மேலதிகாரி ஒருவர் தன் தூண்டிலைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். சும்மா ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமே என்று போட்டார். மீன் மாட்டியதோ இல்லையோ, சந்தானம் மாட்டிக்கொண்டார்.

அது முதல் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தனியாக பஸ் ஏறி, கனகபுரா தாண்டி சங்கமத்துக்குப் போவார். வீட்டில் சொல்வது 'காவிரி ஸ்நானம்'. அது பொய்யாகிவிடக் கூடாதே என்று முதலில் மூன்று முழுக்குப் போட்டுவிட்டுத்தான் குடை உறைக்குள்ளிருந்து தூண்டிலை எடுப்பார். அந்தப் பக்கத்துப் பெரிய கெண்டைக்கு ராகி உருண்டை என்றால் உயிர். புழுவும் வேண்டாம், பூச்சியும் வேண்டாம். இது நம் மாதிரி ஆசாரக்காரர்களுக்காகவே பகவான் பார்த்து வைத்த ஏற்பாடு என்று சந்தானம் மனப்பூர்வமாக நம்பினார்.

ராகி உருண்டை செய்து கொடுப்பவள் அவர் மனைவி பாகீரதி. காவிரியில் மீன்களுக்கு ஆகாரம் போட்டால் பித்ருக்களுக்குத் திருப்தி என்று சந்தானம் சொல்லியிருந்தார். அவளும் விடியற்காலையில் குளித்துவிட்டு, 'கோவிந்தா, கோவிந்தா' என்று சொல்லியபடியே களி கிண்டி, பக்தியோடு உருட்டி டப்பாவில் போட்டுக் கொடுப்பாள். மீன்களுக்கு ஆகாரம் போடுவது வாஸ்தவம்தான். உள்ளே ஒரு முள் இருக்கும் என்பதை மட்டும் சந்தானம் விட்டுவிட்டார்.

பிடித்த மீனை அவர் கொல்வதில்லை. ஸ்பிரிங் தராசில் எடை பார்ப்பார், ஒரு நிமிஷம் கண்ணாரப் பார்ப்பார், தண்ணீரில் விட்டுவிடுவார். விட்டுவிட்டால் பாவமில்லை என்பது அவராகவே எழுதிக்கொண்ட சாஸ்திரம். மனுஷன் யோக்கியர். மற்ற தூண்டில்காரர்கள் போல அரையை ஒன்றாக்கிச் சொல்லும் வழக்கம் அவரிடம் கிடையாது. தராசு என்ன சொன்னதோ அதைத்தான் திங்கட்கிழமை ஆபீசில் சொல்வார். அப்படிப்பட்டவரை நம்பாமல் இருப்பது எத்தனை பெரிய கொடுமை!

"நாலு கிலோவா சார்?" என்பாள் டோரதி. அவருக்கு எதிர் மேஜை. காக்ஸ் டவுனிலிருந்து வருகிறவள், மீன் குழம்பு வைப்பதில் பெயர் போனவள். "எங்க சார் மீனு?"

"விட்டுட்டேன்."

"தோ பாருங்கப்பா, விட்டுட்டாராம். எனக்கும் நேத்து லாட்டரில லட்ச ரூபா விழுந்துச்சு சார். பாவம்னு திருப்பிக் குடுத்துட்டேன்."

கணக்குப் பிரிவு மொத்தமும் சிரிக்கும். பியூன் கூட டீ டம்ளரை வைத்துவிட்டு நின்று சிரிப்பான். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இல்லாமலில்லை. சாட்சிக்கு ஆளைக் கூட்டிப் போகலாமென்றால், அவன் ஜோகுபாளையத்தில் போய் உளறிவைப்பான். இல்லையென்றால் மீனைக் கொண்டா என்பான். இருபத்தைந்து வருஷ சர்வீசில் சந்தானம் எழுதிய ஒரு எண்ணை ஆடிட்டர் கூடச் சந்தேகப்பட்டதில்லை. யாராவது ஒரே ஒருவர் நம்பினால் போதும் என்று ஏங்கிப்போனார். கடைசியில், தொண்ணூற்றேழாம் வருஷம் தீபாவளி போனஸ் வந்தபோது, காமிரா வாங்குவதென்று தீர்மானித்தார்.

பிரிகேட் ரோட்டில் ஒரு கடை. விற்பனையாள் வாயெல்லாம் பல்லாக, கன்னடம் பாதி தமிழ் பாதியாக வரவேற்றான்.

"பன்னி சார், வாங்க. ஃபேமிலி டூருக்கா?"

"இல்லை. தனியா எடுக்கணும்."

"சீனரியா?"

"என்னை."

கடைக்காரன் அவரை மேலும் கீழும் பார்த்தான். ஐம்பது வயது, நெற்றியில் விபூதி, கையில் மஞ்சள் பை. இந்த மூஞ்சியை இவரே தனியாகப் போய் எதற்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. வியாபாரி அல்லவா?

முதலில் ஒரு பெரிய காமிராவைக் காட்டினான். லென்ஸ் மட்டும் இட்லிப் பாத்திரம் கனம். அதற்கு முக்காலி வேறு வேண்டுமாம். முக்காலி தூக்கிக்கொண்டு யாராவது ஸ்நானத்துக்குப் போவார்களா? வேண்டாம். அடுத்தது ரிமோட் வைத்தது. இரண்டு கையிலும் மீன் இருக்கும்போது ரிமோட்டை எங்கே வைப்பது? பல்லில் கடித்துப் பார்த்தார். கடைக்காரன் பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டான். மூன்றாவது சின்னது, சோப்பு டப்பா மாதிரி. பொத்தானை அமுக்கினால் சிவப்பு விளக்கு மினுக்கி மினுக்கிப் பத்து விநாடியில் தானே எடுத்துவிடும்.

"பத்து செகண்ட் சாக்கு சார், தாராளமாப் போதும். ஓடிப் போய் நிக்கலாம்."

ஓடிப் பார்த்தார். காமிராவைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து, ஸ்டூல்மேல் கிடந்த தலையணையை வாரி எடுத்து, மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றார். தலையணையை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"கைல என்ன சார் வரும்? பேரக்குழந்தையா?"

"அந்த மாதிரிதான். கொஞ்சம் வழுக்கும்."

கடைக்காரன் மறு பேச்சுப் பேசாமல் பில் போட்டான்.

வீட்டில், பெண் சுப்ரியாவின் நிச்சயதார்த்தத்துக்காக வாங்கியது என்று சொன்னார். பாகீரதிக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. முப்பத்தாறு படம் விழும் சுருளை அவளே ஆசையாக வாங்கி வந்து கொடுத்தாள். "ரோலை வேஸ்ட் பண்ணிடாதேங்கோ" என்று எச்சரிக்கையும் செய்தாள்.

அடுத்த ஞாயிறு காவிரி அவர்மேல் இரக்கப்பட்டது. பதினொரு மணி வெயிலில், முழுக்குப் போட்ட ஈர வேஷ்டியும் வெற்று மார்புமாக நின்றிருந்தவரின் தூண்டில் வில்லாக வளைந்தது. விட்டு விட்டு இழுத்து ஒருவழியாகக் கரை சேர்த்தார். தராசு ஆறு கிலோ என்றது. பிசகில்லாமல் ஆறு. அவர் அதுவரை பிடித்ததிலேயே பெரியது. செதில் ஒவ்வொன்றும் வெற்றிலை அகலத்துக்கு வெயிலில் மின்னியது. சந்தானத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

காமிராவைப் பாறைமேல் வைத்து, குனிந்து பார்த்து, பொத்தானை அமுக்கிவிட்டு ஓடினார். முதல் தடவை மீனைத் தூக்குவதற்குள் 'க்ளிக்' ஆகிவிட்டது. இரண்டாம் தடவை தூக்கினார், பாசியில் வழுக்கி உட்கார்ந்தார். மூன்றாம் தடவை, எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் அள்ளி நிமிர்ந்து நின்று சிரித்தார். 'க்ளிக்.' மீன் வாலால் அவர் கன்னத்தில் ஒரு அறை விட்டுவிட்டுத் தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஆபீசுக்குப் போனார்.

"ஆறு கிலோ, டோரதி. போட்டோ இருக்கு."

"காட்டுங்க சார்."

"ரோல் முடியணுமே."

டோரதி மற்றவர்களைப் பார்த்தாள். மற்றவர்கள் டோரதியைப் பார்த்தார்கள். அன்றைக்கு எழுந்த சிரிப்பை விவரிக்க எனக்கு மனமில்லை.

ஆனால் ரோல் முடிய வேண்டியது நிஜம். மீதி முப்பத்து மூன்று படத்தைக் காவு கொடுத்துச் சுருளைக் கழுவ மிடில் கிளாஸ் மனசு இடம் கொடுக்குமா? நிச்சயதார்த்தம் அந்த வாரமே வந்துவிட்டது. மீதியை அதில் எடுத்து, தானே ஸ்டுடியோவில் கொடுத்து, தன் மூன்று படத்தைத் தனியே உருவிக்கொள்வதாக அவர் திட்டம். திட்டத்தில் சம்பந்தியைச் சேர்க்க மறந்துவிட்டார். பிள்ளையின் அப்பா சுந்தரராமன், சபையில் எல்லோர் முன்னாலும் ரோலை வாங்கி ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டார்.

"எங்க சைடுல ஒரு ஸ்டுடியோ இருக்கு. நானே போட்டு, ஆல்பம் பண்ணிக் கொண்டுவரேன். ஒண்ணும் பேசப்படாது."

பிள்ளை வீட்டாரிடம் பெண்ணைப் பெற்றவர் என்ன பேச முடியும்? ஒரு வாரம் சந்தானத்துக்குச் சாதம் இறங்கவில்லை.

சம்பந்தி தம்பதி ஆல்பத்தோடு வந்து சோபாவில் உட்கார்ந்தார்கள். பாகீரதி காபி கொண்டுவந்தாள். சுந்தரராமன் முதல் பக்கத்தைத் திருப்பி, அங்கேயே நின்றார்.

"இதைப் பாருங்கோ கூத்தை. ஸ்டுடியோக்காரன் யாரோடதையோ கலந்துட்டான். மூணு இருந்தது, ரெண்டு ஒரே ஆட்டம். மூணையும் எடுத்துட்டுதான் ஒட்டச் சொன்னேன், அப்படியும் இதை முதல் படமாவே ஒட்டிருக்கான்."

சந்தானம் எட்டிப் பார்த்தார். மீன் முழுசாக இருந்தது. கண், செதில், வால், எதிலும் குறையில்லை. அதைத் தாங்கிய இரண்டு கைகள், ஈர வேஷ்டி, தொப்பை, அதன் குறுக்கே ஒரு பூணூல். கழுத்தோடு படம் முடிந்துவிட்டது. குனிந்து, கீழே கிடந்த மீனுக்குக் குறி பார்த்துவிட்டு வந்தவர் நிமிர்ந்து நின்றதில், சிரிப்பு, விபூதி, மூக்குக்கண்ணாடி எல்லாம் படத்துக்கு வெளியே காவிரிக் காற்றில் போய்விட்டன.

"சிவ சிவா! பூணூலைப் போட்டுண்டு மீனைத் தூக்கிண்டு நிக்கறானே, கர்மம்!" என்றாள் சம்பந்தி அம்மாள்.

"கலி முத்திடுத்து" என்று சொல்லி, சுந்தரராமன் படத்தை ஆல்பத்திலிருந்து பிய்த்தார். "இது நம்மாத்துல இருக்கப்படாது. கிழிச்சுக் குப்பைல போடறேன்."

பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பார். தலை இல்லாதது தெய்வ அனுக்கிரகம். ஆனால் உலகத்திலேயே அவர் பக்கம் இருந்த ஒரே சாட்சியின் இரு ஓரத்தையும் சம்பந்தி விரல்கள் பிடித்துவிட்டன. சந்தானம் எழுந்தே விட்டார்.

"கிழிக்காதேங்கோ! அது நான்தான்!"

பாகீரதி காபி டபராவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணம் நின்றது என்றே சந்தானம் நினைத்தார்.

முதலில் சிரித்தவர் சுந்தரராமன். பிறகு அவர் மனைவி. உள்ளேயிருந்து வந்த சுப்ரியாவும் சிரித்தாள். "அப்பாவா? அப்பாவுக்குக் கரப்பான் பூச்சியைக் கண்டாலே அலமாரி மேல ஏறணும்!"

"சம்பந்திக்கு இவ்வளவு ஹாஸ்யம் வரும்னு தெரியாதே!" என்று சுந்தரராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நிஜமாத்தான் சொல்றேன்" என்று சந்தானம் சொன்னதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். சிரிப்பின் நடுவே பாகீரதி சம்பந்தி கையிலிருந்த படத்தை வாங்கி, "நான் போட்டுடறேன், கொடுங்கோ" என்று உள்ளே கொண்டுபோனாள்.

அவர்கள் போன பிறகு சந்தானம் சமையலறைக்குப் போனார். பாகீரதி ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, இது நீங்கதான்."

"எப்படித் தெரியும்?"

"பூணூல்ல ஊக்கு தொங்கறது பாருங்கோ. கால்ல முள் குத்தித்துன்னு என் சரட்டுலேர்ந்து வாங்கிண்டேளே, அந்த ஊக்கு. உங்க தொப்பை எனக்குத் தெரியாதா?" அவரைத் திரும்பிப் பார்த்தாள். "கோவிந்தா, கோவிந்தான்னு சொல்லி உருட்டினேனே. அதுக்குள்ள முள்ளை வெச்சேளா?"

"எல்லாத்தையும் விட்டுட்டேன் பாகீ. சத்தியமா. ஒண்ணைக் கூடக் கொல்லலை."

"அது தெரியும். எதையாவது பிடிச்சு வெச்சுக்கத் தெரிஞ்ச மனுஷனா நீங்க?"

சந்தானம் தலை குனிந்து நின்றார். எத்தனை திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவள் திட்டவில்லை. படத்தைக் கண்ணுக்கு இன்னும் கிட்டத்தில் கொண்டுபோனாள்.

"பெரிசாத்தான் இருக்கு" என்றாள். "என்ன கனம் இருக்கும்?"

இத்தனை வருஷத்தில், கேலி இல்லாமல் அதை அவரிடம் கேட்டவர்கள் யாருமில்லை. அவள் நம்புகிறாள். என்ன சொன்னாலும் நம்புவாள்.

"எட்டரை கிலோ" என்றார் சந்தானம்.