குழாய் வாயில் ஒரு முடிச்சு

வினோதாவுக்குத் தண்ணீர் என்றால் சுதாகரன்தான். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகுமுன், மலை ஊற்றிலிருந்து தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்கு வரும் தண்ணீரில் மண் கலக்கக்கூடாதென்று தன் பழைய சாரத்தைக் கிழித்துக் குழாய் வாயில் கட்டிவிட்டுப் போனான். அந்த முடிச்சை அவள் அவிழ்த்ததே இல்லை. மூடுபனிக்குள் குடம் நிறையும்போது புருஷன் பக்கத்தில் நிற்பது போலிருக்கும். குடம் வழிந்து கால் நனைந்த பிறகுதான் நினைவு திரும்பும். பைத்தியம்தான், அது இல்லாமல் அந்தக் குளிரில் எப்படிக் காலம் தள்ளுவது?

குழந்தை திலக்ஷனுக்குத்தான் வயிறு சரியாகவே இல்லை. ஓட்டம் நின்றால் வாந்தி. பிள்ளை துவண்டு போனான்.

தண்ணீரைச் சோதிக்க வந்த சுகாதாரப் பரிசோதகர் பிரதாப், துணியை அவிழ்க்கப் போனார்.

"வேணாங்க சேர், அது அவரு கட்டினது" என்று குறுக்கே நின்றாள்.

அவர் துணியோடே ஒரு போத்தல் தண்ணீர் பிடித்தார். அடுத்த வீட்டு ராசம்மாவின் குழாயில் இன்னொன்று. ராசம்மா துணி கட்டக்கூடச் சோம்பல்படுகிறவள்.

முடிவு வந்தது. இரண்டிலும் கலங்கல் இல்லை, நிறமில்லை, வாடையில்லை. வினோதாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"கடைசி வரியையும் பாருங்க" என்றார் பிரதாப். "மலம் கலந்தா வர்ற கிருமி. ராசம்மா தண்ணியில இல்ல, உங்க தண்ணியில இருக்கு. ரெண்டும் ஒரே பைப்பு. ஈரத் துணியில கை படும், ஈ உக்காரும், கிருமி அங்கனயே குடியிருக்கும். கண்ணுக்குத் தெரியாதும்மா. துணிய எடுத்துட்டு, மறுபடி பாக்கிற வரைக்கும் கொதிக்க வச்சுக் குடுங்க."

அவர் போன பிறகு குழாயடிக்குப் போனாள். முடிச்சு இறுகிப் போயிருந்தது. கத்தியால் அறுத்தாள். முகத்தருகே கொண்டுபோனாள். சுதாகரன் வாசம் துளியும் இல்லை. பாசி நாற்றம்தான். இத்தனை நாள் எதைக் கொஞ்சிக்கொண்டிருந்தோம் என்று துணியைத் தூர எறிந்தாள்.

உலையில் தண்ணீர் கொதிக்கும்போது சுதாகரனைப் போனில் அழைத்தாள்.

"நீங்க கட்டினத அறுத்துட்டேங்க."

விஷயத்தைக் கேட்டுவிட்டு அவன் மெல்லச் சொன்னான்: "நல்லதுன்னு நெனச்சுதான் கட்டுனேன் புள்ள. தீவாளிக்கு வர்றப்ப புதுசா ஏதாச்சும்..."

"ஒண்ணும் கட்ட வேணாம். வந்து புள்ளையத் தூக்குங்க, அது போதும்."