ஜொஹராவின் நீல முற்றம்

பாலக்காட்டை அடுத்த முதலமடையில் ஜொஹராவின் வீட்டு முற்றத்தில் மூன்று முறை புல் பதித்தார்கள். மூன்று முறையும் பங்குனி வெயிலில் சருகானது. நான்காவது தடவை அவள் ஆளைக் கூப்பிடவில்லை. மாந்தோப்பில் லாரி திரும்பும் இடத்தில், டயர் ஏறி இறுகிய மண்ணிலும் விஷ்ணுகிரந்தி தரையோடு படர்ந்து, சட்டைப் பித்தான் அளவில் நீலமாகப் பூத்துக் கிடந்தது. முதல் மழை விழுந்ததும் அதை வேர்மண்ணோடு பெயர்த்து மாங்காய்க் கூடைகளில் கொண்டுவந்தாள்.

மாங்காய் வியாபாரியான அவள் கணவர் அப்துல் சமது வாசலிலேயே மறித்தார்.

"தோப்புல ஆள் வெச்சுக் களை எடுக்கறோம். நீ அதையே ஊட்டுக்குக் கொண்டாறயா?"

"இது சாகாதுங்க. எனக்கு அது போதும்."

ஆவணிக்குள் அது முற்றம் முழுக்கப் படர்ந்துவிட்டது. ஆடு மேய்ந்தாலும் மறுவாரம் தழைத்தது. அந்தத் தெம்பில், ஊர் வாசகசாலை நடத்திய வீட்டுத் தோட்டப் போட்டிக்கு ஜொஹரா பெயர் கொடுத்தாள்.

நடுவராக வந்தவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற ஜின்சி டீச்சர். ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னவர், வீட்டுக்கு வீடு பாயசம் குடித்துவிட்டு இரண்டு மணிக்குத்தான் வந்து சேர்ந்தார். அதற்குள் பூக்களெல்லாம் சுருண்டு மூடிக்கொண்டன.

"பூ எவிடே, இத்தா? பச்சைதானே இருக்கு" என்றார் டீச்சர்.

ஜொஹராவின் பின்னாலிருந்து அப்துல் சமது முன்னே வந்தார்.

"அதுக மத்தியானம் தூங்கிருங்க, டீச்சர். காலைல எட்டுக்கு வாங்க. கிணத்தோரம் முதல்ல தொறக்கும். அப்பறம் வாசல் கேட்டுப் பக்கம்."

ஜொஹரா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தினம் பைக் தொடைக்கறேன்னு அரை மணி நேரம் நிக்கறனல்ல" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டீச்சருக்கும் தொற்றிக்கொண்டது. மூவரும் படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

மறுநாள் காலையில் டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு அந்த நீலத்தில் கால் வைத்தார். சின்னப் பிள்ளைபோல ஒரு சுற்றுச் சுற்றினார். முதல் பரிசு ஒரு மொட்டைமாடி ரோஜாவுக்குத்தான் போனது. ஜொஹராவுக்கு ஆறுதல் பரிசாகக் கிடைத்தது ஒரு பிளாஸ்டிக் வாளி.

ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தெருவில் ஏழு முற்றங்களில் விஷ்ணுகிரந்தி வைக்கக் குழி தோண்டினார்கள். அப்துல் சமது மண்டிக்கே போகவில்லை. வீடு வீடாகப் போய், "மெல்ல அமுக்குங்க, வேர் நோகும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.