பெயர் போடாத கதை

கல்லடி இலக்கிய விழாவின் கதைப் பட்டறைக்குப் பெயர் போடாமல் கதை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். தாள்களைக் கலைத்து, ஒருவர் கதையை இன்னொருவர் வாசிக்க வேண்டும். அந்தத் தைரியத்தில்தான் அஸ்மியா மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டியிருந்தாள். காத்தான்குடியை ஏறாவூராக்கினாள், ஆட்களின் பெயர்களை மாற்றினாள். மகள்மார் இருவருக்கும் சீதனமாக வீட்டு வளவை இரண்டாக்கி உம்மா எழுப்பிய மதிலையும், கிணற்றைத் தன் பக்கம் எடுத்துக்கொண்ட மூத்தவளையும் மட்டும் அப்படியே விட்டுவிட்டாள்.

பாழாய்ப்போன அந்தத் தாள் போய்ச் சேர்ந்தது, பிந்தி வந்து பின்வரிசையில் உட்கார்ந்த நஸீபாவின் கையில். அஸ்மியாவின் கூடப்பிறந்த ராத்தா; அவளுக்கு மூத்தவள். பேச்சுவார்த்தை நின்று போனவள் இங்கே வருவாள் என்று யார் கண்டது?

நஸீபா வாசிக்க வாசிக்க அஸ்மியா வாசலைப் பார்த்தாள். எழுந்து போனால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். கிணறு வந்த இடத்தில் ராத்தாவின் குரல் சற்று நின்று, பிறகு தொடர்ந்தது.

"கதையில குறை ஏதும் இருக்கா?" என்று கேட்டார் பட்டறை நடத்திய எழுத்தாளர்.

"கதை நல்லம் சேர்," என்றாள் நஸீபா, யாரையும் பார்க்காமல். "மதில்ல ஒரு கதவு வைப்பம், ரெண்டு பேரும் தண்ணி அள்ளுவம் எண்டு மூத்தவள் கேட்டவள். தங்கச்சிதான் வேணாமெண்டு சொன்னவள். எழுதினவங்க அத உட்டுட்டாங்க."