ஒரு பாட்டிலுக்கு நான்கு பேர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஓர் ஆரோக்கிய இதழின் ஆசிரியர் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார். தலைப்பையும் அவரே கொடுத்தார்: ‘கடையில் விற்கும் டயட் பானங்கள் மாவுச்சத்தைக் குறைக்கும் லோ-கார்ப் உணவுமுறைக்கு ஒத்துவருமா?’ எண்ணூறு சொற்கள், ஐந்து குறிப்புகள். ஐந்தாவது குறிப்பு ‘மருத்துவரை அணுகவும்’ என்று இருக்க வேண்டும். அதை அவர்களே தயாராக வைத்திருக்கிறார்களாம், மற்ற நான்கை நான் எழுதினால் போதுமாம்.

இந்த விஷயத்தில் என் ஞானம் ‘தண்ணீரில் கார்ப் கிடையாது’ என்பதோடு முடிகிறது. அதனால் மாடி வீட்டு அக்காவிடம் போனேன். அவர் லேபிள் அச்சகத்தில் இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்துபவர். உலகம் பாட்டிலின் முகத்தைப் பார்த்து மயங்க, அதன் முதுகைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவர். “ரெண்டு வரி சொல்லுங்க, போட்டுக்கறேன்” என்றேன். அவர் உட்காரச் சொல்லி, நடந்ததையெல்லாம் சொன்னார். எண்ணூறு சொற்கள் அங்கேயே போயின.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘இன்றைய அவசர உலகில் ஆரோக்கியம் என்பது…’

வேண்டாம். எனக்கே கொட்டாவி வந்தது. அடுத்து:

‘பச்சை மூடியின் மேல் காலை வெயில் விழுந்து…’

மூடி மூடிதான். வெயிலுக்கு வேறு வேலை இருக்கிறது. மூன்றாவது முயற்சிதான் கீழே இருப்பது. இதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை.

2

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. (நேரில் ‘அவர்’, கதைக்குள் ‘அவள்’. கதைக்குள் கால் வைத்தால் மரியாதையில் ஓரெழுத்து மாறும். அனுமதி வாங்கிவிட்டேன்.) கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏனென்று கேட்டால், “வந்த புரூஃப் எல்லாத்துலயும் தப்பு” என்பாள். மனைவியை இழந்த தம்பி ஒன்பது வருடமாக அவளோடு இருக்கிறான். பஸ் டிரைவர். டிப்போவில் அவனுக்குப் பெயர் டேங்கர்.*

* முதல் வரைவில் அவனை இன்னும் குண்டாக எழுதியிருந்தேன், சிரிப்பு வருமே என்று. அக்கா படித்துவிட்டு, “அவன் அவ்வளவு இல்ல, குறைங்க” என்றார். ஆறு கிலோ குறைத்திருக்கிறேன். டாக்டரால் முடியாதது.

டிப்போவில் வருடாந்தர மருத்துவச் சோதனை நடந்தது. டேங்கருக்கு மூன்று மாத சராசரி சர்க்கரை ஒன்பது புள்ளி இரண்டு. எட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்பது டிப்போ விதி. மூன்று மாத அவகாசம் கொடுத்தார்கள். இருபத்திரண்டு வருடம் வண்டி ஓட்டியவன் அன்று வீட்டுக்கு நடந்தே வந்தான்.

“அக்கா, என்னை வண்டியில இருந்து இறக்கிருவாங்களாம்.”

“எவன் இறக்குறான்னு பாக்கறேன். நாளையிலருந்து நான் சொல்றதுதான் சாப்பாடு.”

டாக்டர் எழுதிக் கொடுத்தார்: ஒரு நாளைக்கு ஐம்பது கிராம் மாவுச்சத்து, அவ்வளவுதான். அக்கா முட்டை, மீன், கீரை, வெள்ளரி என்று டப்பா கட்டினாள். டேங்கரும் நல்ல பிள்ளையாகச் சாப்பிட்டான். ஆனால் இனிப்புக்கு ஏங்கும் நாக்கை என்ன செய்வது? டிப்போ வாசல் கடையில் அதற்கும் வழி வைத்திருந்தார்கள். பச்சை மூடி போட்ட டயட் ஷேக். முன்பக்கத்தில் கட்டைவிரல் பருமனில் ‘6 கிராம் மாவுச்சத்து மட்டுமே!’ காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆறும் ஆறும் பன்னிரண்டு. கணக்கில் அவன் எப்போதுமே கெட்டி.

3

பத்து வாரம் போயிற்று. தினமும் காலையில் விரலில் குத்திப் பார்த்தான். மீட்டர் நினைத்த அளவு இறங்குவதாக இல்லை. ஒருநாள் டப்பாவைத் திறந்து கீரையைக் கரண்டியால் கிளறினான்.

“உண்மையைச் சொல்லு. கெட்டியாகறதுக்கு இதுல மாவு ஏதும் கரைச்சு விடறியா?”

அக்கா அடுப்பை அணைத்தாள்.

“என்னடா சொன்னே?”

“இல்ல… மீட்டர் பொய் சொல்லாதுல்ல.”

“அப்ப நான் சொல்றேனா? நாக்கு மேல பல்லைப் போட்டு என்னைக் கேக்கறியா? காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு கீரை ஆயறது உனக்கு மாவு கலந்து குடுக்கத்தானா?”

இந்த இடத்தில் ஆரோக்கிய இதழ் ‘குடும்பத்தின் ஆதரவு முக்கியம்’ என்று ஒரு குறிப்புப் போடும். அக்கா என்ன செய்தாள் தெரியுமா? “நீ வாயில வைக்கிற அத்தனையையும் கொண்டாந்து மேசையில வை” என்றாள். அவன் குடித்துக்கொண்டிருந்த மூன்று வகைப் பாட்டிலும் வரிசையாக நின்றன. அச்சகத்து லென்ஸை எடுத்து வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். விசாரணை தொடங்கியது.

முதல் குற்றவாளி, சர்க்கரை இல்லாத சோடா.

“இதுல கார்ப் இல்ல. வேற எதுவும்கூட இல்ல. தண்ணிக்குப் பவுடர் பூசி அனுப்பியிருக்கான். குடி, கணக்குல ஏறாது. ஆனா உன் நாக்கு இனிப்பை மறக்கவும் விடாது.”

இரண்டாவது, ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று மார்தட்டிய பழச்சாறு.

“சேக்கலதான். பழத்துலயே இருந்ததை எடுக்கவும் இல்லியே. ஒரு பாட்டில் முப்பத்தோரு கிராம்.”

“அது வாரத்துக்கு ஒண்ணுதான்க்கா…”

“வாரத்துக்கு ஒருதரம் பள்ளத்துல வண்டிய விடுவியா?”

மூன்றாவது, பச்சை மூடி. டேங்கர் அதைத் தன் கையாலேயே முன்னால் நகர்த்தி வைத்தான். அவன் தரப்புச் சாட்சியே அதுதான். “ஆறு கிராம். பாத்துக்க.”

அக்கா பாட்டிலைத் திருப்பினாள். முதுகில், பார்கோடுக்குக் கீழே, எறும்பு வரிசை போல ஒரு வரி: ‘ஒரு பரிமாறல் – 125 மி.லி. இப்பாட்டிலில் 4 பரிமாறல்கள்.’

“இந்தப் பாட்டிலை நீ எத்தனை பேரோட குடிப்பே?”

“என்ன கேள்வி இது? நான் மட்டும்தான்.”

“நாலு பேரு குடிக்கணுமாம். ஆறு கிராம் ஒரு ஆளுக்கு. நீ ஒருத்தனே நாலு பேரா உக்காந்து குடிச்சிருக்கே. இருபத்துநாலு. ரெண்டு பாட்டில் நாப்பத்தெட்டு. மிச்சம் ரெண்டு கிராம்லதான் நான் ஆக்கிப்போட்ட கீரையும் வெள்ளரியும் இடம் தேடணும்.”

டேங்கர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். பிறகு இன்னொரு முறை எண்ணினான். விடை மாறவில்லை.

(கட்டுரைக்கு வேண்டிய பதில் முடிந்தது. முன்பக்கத்தை நம்பாதே, பின்பக்கத்தைப் படி, பாட்டில் முழுவதற்கும் பெருக்கு. சோடா தேறும், சாறு தேறாது, ஷேக் உங்களுக்குக் கூடப் பிறந்தவர் மூன்று பேர் இருந்தால் தேறலாம். அவசரக்காரர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.)

4

இன்னும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு: அந்த எறும்பு வரியைத் தட்டையாக வைத்துப் படிக்க, அக்கா நகத்தால் லேபிளின் ஓரத்தைக் கிளப்பினாள். பசை தடவும் விளிம்பில், வாங்குகிறவர் கண்ணில் படாத இடத்தில், அச்சகங்கள் தங்கள் குறியீட்டைப் போடுவது வழக்கம். அது அவளுடைய அச்சகத்தின் குறியீடு. பக்கத்தில் பிழை திருத்தியவரின் எண்: 7.

ஏழு அவள்தான்.

அந்த நாள்கூட நினைவுக்கு வந்தது. ‘ஊட்டசத்து’ என்று வந்திருந்த புரூஃபில் ‘ச்’ விட்டுப்போனதைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையில் சுழித்திருந்தாள். மேனேஜர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அந்த ஒற்றை எழுத்தைக் காப்பாற்றியவள், கூடப் பிறந்தவனை…

இந்த வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. முடித்துப் பார்த்தேன், ரொம்ப அழகாக இருந்தது. அக்காவின் வயிற்றெரிச்சலில் நான் அழகு பார்ப்பது நியாயமாகப் படவில்லை.

டேங்கர் இன்னும் பாட்டிலைத் திட்டிக்கொண்டிருந்தான். “எவன் இதெல்லாம் பாத்து அச்சடிக்க விடறான்? அவனைச் சொல்லணும்.”

லேபிளை மெல்ல ஒட்டிவிட்டு அவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.

“நான்தான்டா விட்டேன்,” என்றாள். “இங்க பாரு. ஏழு. என் நம்பர்.”

அவன் லென்ஸை வாங்கிப் பார்த்தான். ஏழைப் பார்த்தான். நாலு பரிமாறல் என்ற வரியைப் பார்த்தான். முன்பக்கத்து ஆறைப் பார்த்தான்.

“எழுத்துப் பிழை ஒண்ணும் இல்லக்கா,” என்றான். “சுத்தமா இருக்கு.”

சாப்பாட்டு டப்பாவை மேசையிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

5

அன்றிலிருந்து ஷேக்கை நிறுத்தினான். ஆனால் மூன்று மாத சராசரி பதினைந்து நாளில் மனம் மாறாது. எட்டு புள்ளி மூன்று வந்தது.

முழுப் பழியும் பாட்டிலுக்கா என்று டாக்டரைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். டேங்கர் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தே இருப்பவன், தூக்கம் குறைந்தவன், அப்பாவுக்கும் சர்க்கரை. காரணங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் புள்ளி மூன்று என்பது சின்ன எண். சின்ன எண்ணுக்கு ஒரு சின்ன காரணம் போதும் என்று அக்கா நினைத்துக்கொண்டாள். அதை யாராலும் அவள் மனதிலிருந்து எடுக்க முடியவில்லை.

டேங்கரை டிப்போவை ஒட்டிய பஸ் நிலையத்தில், நேரக் காப்பாளர் அறையில் போட்டார்கள். மைக்கில் வண்டி நேரம் சொல்லும் வேலை. அடுத்த சோதனை மூன்று மாதம் கழித்து. முதல் நாள் வீட்டுக்கு வந்தவன் காலை நீட்டி உட்கார்ந்தான். வலது கால் தானாகவே தரையை மிதித்தது. அக்கா பார்த்தாள். பார்க்காததுபோல் துணி மடித்தாள். இருவரும் அந்த வாரம் முழுக்கப் பேசிக்கொண்டது ‘சாப்பிட வா’, ‘போதும்’ இரண்டும்தான்.

6

அடுத்த வாரம் அக்காவின் மேசைக்கு ஒரு புரூஃப் வந்தது. அதே கம்பெனி, புதுச் சுவை. இப்போது முன்பக்கத்து 6 கட்டைவிரல் பருமன் இல்லை, உள்ளங்கை அகலம். எறும்பு வரி அப்படியே.

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. அக்கா சிவப்புப் பேனாவை எடுத்து ஓரத்தில் எழுதினாள்: ‘ஒரு பாட்டில் = 24 கிராம். முன்பக்கத்தில் இதைச் சொல்ல வேண்டாமா?’

மேனேஜர் கூப்பிட்டார். அவளைவிடப் பத்து வயது சின்னவர். மேனேஜரைக் கெட்டவனாக்க நான் மூன்று தடவை முயன்றேன். மீசை வைத்துப் பார்த்தேன், ஏப்பம் விடச் செய்தேன். ஒத்துழைக்கவில்லை. நல்ல மனிதர். அக்காவின் கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நாள் முழுக்கக் காத்திருந்தவர்.

“அக்கா, இது பிழை இல்லையே.”

“இல்லதான் சார்.”

“சட்டப்படி பின்னாடி போட்டிருக்காங்க.”

“போட்டிருக்காங்க. எறும்புக்குப் படிக்கத் தெரிஞ்சா ரொம்ப உபயோகமா இருக்கும்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் சொன்னார். “எழுத்துப் பாக்கறதுதான் நம்ம வேலை. உள்ள இருக்கறதை அவங்க பாத்துப்பாங்க.”

“உள்ள இருக்கறதைத்தான் சார் என் தம்பி குடிச்சான்.”

மேனேஜர் புரூஃபைக் கையில் வாங்கிக்கொண்டார். அவள் எழுதியதை அப்படியே கம்பெனிக்கு அனுப்பி வைத்தார். மறுநாள் பதில் வந்தது: ‘தங்கள் அக்கறைக்கு நன்றி. வடிவமைப்பில் மாற்றமில்லை.’ கூடவே அச்சக ஊழியர்களுக்கு அன்பளிப்பாக ஒரு பெட்டி பச்சை மூடிப் பாட்டில்கள்.

சத்தியமாக இதை நான் இட்டுக்கட்டவில்லை. எனக்கு இவ்வளவு குசும்பு வராது.

7

பெட்டி வந்த கதையை அக்கா அன்று மாலை தம்பியிடம் சொன்னாள். வாரக்கணக்கில் மூடியிருந்த வாய் அதற்குத் திறந்தது. டேங்கர் முதலில் முறைத்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். பிறகு, “ஓரத்துல நெசமாவே எழுதினியா? சிவப்புலயா?” என்று கேட்டான்.

“சிவப்புலதான்.”

“வேலை போயிருமேக்கா.”

“போனா உன் பக்கத்துல உக்காந்து நேரம் சொல்றேன்.”

மறுநாள் காலை பஸ் நிலையத்தில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது மைக் கரகரத்தது.

“மூணாம் மேடையில நிக்கிற வண்டி எட்டு இருபதுக்குப் புறப்படும். ரெண்டாம் மேடை வண்டி பத்து நிமிசம் லேட்டு. பயணிகள் கவனத்துக்கு: டிப்போ வாசல் கடையில பச்சை மூடி பாட்டில் வாங்கறவங்க, ஆறு கிராம்னு போட்டிருக்கறது நாலுல ஒரு பங்குக்கு. முழுசாக் குடிச்சா இருபத்துநாலு. தகவல் சொன்னது எங்க அக்கா. மூணாம் மேடை வண்டி புறப்படுது, படியில நிக்காதீங்க.”

பாட்டிலும் கையுமாக நின்ற நாலைந்து டிரைவர்கள் அதைத் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பத்து மணிக்குள் டேங்கருக்கு மெமோ வந்தது: ‘அறிவிப்பு ஒலிபெருக்கியைச் சொந்த விஷயத்துக்குப் பயன்படுத்தியது ஏன் என விளக்கம் தருக.’

அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். “விளக்கம் எழுதித் தா. பிழை இல்லாம” என்றான். அன்று இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

8

நான் இங்கே நிறுத்தியிருப்பேன். உங்களுக்கும் இதமாக இருந்திருக்கும். ஆனால் அந்த புரூஃப் இன்னும் அக்காவின் மேசையில் கிடக்கிறது. அவள் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும்.

முடிவு ஒன்று: அவள் மறுக்கிறாள், கம்பெனி மனம் திருந்துகிறது, முன்பக்கத்தில் 24 என்று போடுகிறது. ஆரோக்கிய இதழ் ஆசிரியருக்கு இது பிடித்தது. அவர் இன்னும் சின்னப் பிள்ளை.

முடிவு இரண்டு: போட்டுவிடுகிறாள். ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் பாக்கி. அவள் மறுத்தாலும் பக்கத்து மேசை எட்டாம் எண் போட்டுவிடுவான்.

முடிவு மூன்று: வேண்டுமென்றே ஒரு பிழையை விட்டு, அத்தனை லேபிளையும் குப்பைக்கு அனுப்புகிறாள். எனக்குப் பிடித்தது இதுதான். அக்காவிடம் சொன்னேன்.

“தெரிஞ்சே பிழையை விடறதா? நானா?” என்றார். அன்று எனக்குக் காபி கிடைக்கவில்லை.

பிறகு அவரே கேட்டார். “நீங்களா இருந்தா என்ன செய்வீங்க?”

எழுத்தாளன் தப்பிக்கும் வழியில் நானும் தப்பித்தேன். ‘அதை வாசகர் முடிவு செய்வார்’ என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே இப்போது நீங்கள்தான். காலை ஒன்பது நாற்பது. உங்கள் முன்னால் தாள். அடியில் இரண்டு கட்டம்: ‘அச்சிடலாம்’, ‘திருத்தவும்’. பேனாவின் மூடி கழற்றியாகிவிட்டது. உள்ளே உருளைகளுக்கு மை ஏற்றி முடித்துவிட்டு, மெஷின்மேன் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டே கதவுக்குள் தலையை நீட்டுகிறார்.

“அக்கா, ஓட்டலாமா?”