பலகையில் நூற்றேழு

மூன்று மணிக்கு நடனத்துக்காக மண்டபக் கதவைத் திறக்க வேண்டும். இரண்டரைக்கே பிரேக் மாமா பலகையை மாட்டிவிட்டு, அது நேராகத் தொங்குகிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். பயிற்சிக் காரில் ஆசிரியர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இருபத்தாறு வருடம் அதை மிதித்து மிதித்து, எங்கே உட்கார்ந்தாலும் அவர் கால் தரையில் எதையோ தேடும். பாட்டு வேகமெடுக்கும்போதெல்லாம் அந்தக் கால் அழுந்துவதை நடனத்துக்கு வந்த பிள்ளைகள் கவனித்துவிட்டார்கள். அன்று வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது.

நடனத்தைத் தொடங்கியவர் அவர் இல்லை, அவர் மனைவி. அவசரப் பிரிவில் நர்ஸாக இருந்தவள். ஏதோ ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில், பூட்டிய கதவுக்குப் பின்னால் நடந்த ஒரு கொண்டாட்டத்திலிருந்து புகையில் மூச்சுத் திணறிய நாலு பிள்ளைகளைத் தூக்கி வந்தார்களாம். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவள், மறுநாள் காலையில் சொன்னாள்: "ஆடாதேன்னா எங்கேயாவது போய் ஆடத்தான் போறாங்க. நாமே ஒழுங்கா நடத்திக் குடுத்துட்டா என்ன?" அப்படி ஆரம்பித்ததுதான். மாதம் ஒரு ஞாயிறு, மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை, பதிமூன்று வயதிலிருந்து பதினேழு வயது வரை. பதினோரு வருடம் நடந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் இறந்தபோது நின்றது.

இன்று மறுபடி நடக்கிறது. நடக்கிறது என்பதைவிட, நடத்திப் பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது என்பதே சரி. மண்டபத்துக்குப் பொறுப்பான அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "நர்ஸம்மா இருந்தாங்க, நம்பிக்கை இருந்துச்சு. உங்களைத் தப்பா சொல்லல சார். ஆனா ஒரே ஒரு தடவைதான் குடுப்பேன். நானே வந்து உக்காந்து பாப்பேன். ஒரு சின்னக் குளறுபடி ஆனாலும், அதோட சரி."

"வரட்டுமே, நல்லா பாக்கட்டும்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார் மாமா. அவருக்குப் பயம் இருக்கவில்லை. எல்லாம் விரல் நுனியில் இருந்தது.

பலகையில் பன்னிரண்டு வரிசை, வரிசைக்குப் பத்துக் கொக்கி. ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு தகரத் தகடு. உள்ளே வருகிறவர் மணிக்கட்டில் ஒன்றைக் கட்டுவார்கள், அதன் ஜோடி பலகையில் தொங்கும். வெளியே போகும்போது கையில் இருப்பதைக் கொடுத்தால், பலகையில் இருப்பதையும் எடுத்துவிடுவார்கள். போனவர் திரும்ப உள்ளே வர முடியாது. பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, வேலை செய்கிற பெரியவர்களுக்கும் தகடு உண்டு. "நெருப்புக்கு வயசு தெரியாது," என்பாள் மனைவி. "உள்ள எத்தனை உயிர் இருக்கோ, அத்தனை தகடு பலகையில இருக்கணும். பெரியவங்க தனி, பிள்ளைங்க தனின்னு எண்ணாதீங்க. மொத்தமா எண்ணுங்க."

"அத்தான், பலகையை இப்படிப் பாத்துக்கிட்டே நின்னா அது வெக்கப்படும்," என்றபடி தண்ணீர்க் குடங்களோடு வந்தாள் மச்சினி. அக்காவைவிட ஆறு வயது இளையவள், தையல்கடை வைத்திருக்கிறாள். நடனம் தொடங்கிய நாளிலிருந்து தண்ணீர் மேசை அவளுடையது.

"கோணலா இருக்கோன்னு பாத்தேன்."

"பலகை நேராத்தான் இருக்கு. சட்டைப் பட்டனைத்தான் மாத்திப் போட்டிருக்கீங்க."

அவர் குனிந்து பார்த்துச் சரி செய்துகொண்டார். அப்படியே பேச்சுக் கொடுத்துக்கொண்டே, வேலை செய்கிறவர்களுக்கான தகடுகளை முதல் வரிசையில் மாட்டினார். அது எப்போதும் அவர் வேலைதான். வாய் ஒரு பக்கம் பேச, கை தன் பாட்டுக்கு மாட்டிக்கொண்டே போனது. பாட்டுப் போடுகிற மருந்துக்கடைக்காரருக்கு ஒன்று, பின்கதவில் நிற்கிற ஓய்வுபெற்ற தீயணைப்புக்காரருக்கு ஒன்று, கழிப்பறைப் பக்கம் பார்த்துக்கொள்கிற விளையாட்டு டீச்சருக்கு ஒன்று.

மண்டபத்து அம்மா மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, சாவிக்கொத்து குலுங்க வந்து சேர்ந்தார். மாமா ஒரு தகட்டை நீட்டினார்.

"எனக்கு எதுக்கு? நான் ஆடவா வந்திருக்கேன்?"

"ஆடறதும் ஆடாததும் உங்க இஷ்டம்மா. உள்ள வந்தா தகடு உண்டு. நீங்க ஏழு."

அந்த அம்மா அதை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்ட விதத்தில் பாராட்டு எதுவும் இல்லை. சுவரோரம் நாற்காலியைப் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

பிள்ளைகள் வந்தார்கள். எட்டு மாதத்தில் சிலர் ஒரு சாண் வளர்ந்திருந்தார்கள். முதல் அரைமணி நேரம் வழக்கம்போல ஒருவரும் ஆடவில்லை. பெண்கள் ஒரு சுவரில், பையன்கள் எதிர்ச் சுவரில். பிறகு மருந்துக்கடைக்காரர் தன் வழுக்கைத் தலையை ஆட்டிக்கொண்டு ஒரு பாட்டைப் போட்டார். எதிர்ச் சுவரிலிருந்து ஒரு தைரியசாலி நடுவில் வந்து விழாத குறையாகச் சுற்றினான். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு சுவர்கள் காலியாயின.

மூன்று மணி நேரமும் வழுக்குத் தரையில் ஊற்றிய தண்ணீர்போல ஓடிவிட்டது. ஒரு பெண்ணுக்குக் காலில் சுளுக்கு, ஐஸ் வைத்தார்கள். இரண்டு பையன்கள் முறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்த விளையாட்டு டீச்சர், இருவரையும் தண்ணீர்க் குடம் தூக்க அனுப்பினாள். குடத்தோடு திரும்பி வந்தபோது பேசிக்கொண்டு வந்தார்கள். பதினோரு பேரைச் சீக்கிரமே வீட்டிலிருந்து வந்து அழைத்துக்கொண்டு போனார்கள், அவர்களுடைய தகடுகள் இறங்கின. மாமாவின் கால் பலமுறை பிரேக்கை மிதித்தது.

"மாமா, வண்டி நின்னுடப் போகுது," என்றாள் ஒருத்தி ஆடிக்கொண்டே.

"நிக்காதும்மா. இது சும்மா ஒரு பாதுகாப்புக்கு."

கடைசி மூன்று பாட்டுக்கு விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். இருட்டிலிருந்து பிள்ளைகள் நேரே தெருவுக்குப் போகக் கூடாது என்பது மனைவி வைத்த வழக்கம். முகம் தெரிகிற அளவுக்கு வெளிச்சம் வந்ததும் இரண்டு பேர் தனித்தனியாகத் தலை எண்ணுவார்கள்.

விளையாட்டு டீச்சர் நூற்றாறு என்றாள். மச்சினியும் நூற்றாறுதான் என்றாள். பலகையில் நூற்றேழு.

"மறுபடி எண்ணுங்க," என்றார் மாமா.

ஆளை மாற்றி எண்ணினார்கள். நூற்றாறு. அவர் பலகையை ஒவ்வொரு கொக்கியாகத் தொட்டு எண்ணினார். நூற்றேழு.

அவர் குரல் பதறவில்லை. காரில் பக்கத்தில் இருப்பவர் லாரிக்கு நேராகத் திருப்பும்போது வருகிற குரல் அது. "பாட்டை நிறுத்த வேண்டாம். சத்தத்தை மட்டும் குறைங்க. டீச்சர், கழிப்பறை." மச்சினி பக்கம் திரும்பினார். "நீ மேடைக்குப் பின்னாடி பாரு. நான் பின்கதவுக்குப் போறேன்."

பின்கதவைப் பூட்டுவதில்லை. தள்ளினால் திறக்கும். குறுக்கே ஒரு காகிதப் பட்டையை ஒட்டி வைத்திருப்பார்கள், யாராவது போயிருந்தால் கிழிந்திருக்கும். பட்டை கிழியவில்லை. "ஒரு எலிகூட இந்தப் பக்கம் போகல," என்றார் தீயணைப்புக்காரர். கழிப்பறைகள் காலி. மேடைக்குப் பின்னால் மடக்கு நாற்காலிகளும் தூசியும்தான்.

மணி ஆறாகிவிட்டது. வாசலில் பெற்றோர்கள் கூடிவிட்டார்கள். மண்டபத்து அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பலகைக்குப் பக்கத்தில் நின்றார். உதட்டை அசைத்துத் தானும் தகடுகளை எண்ணத் தொடங்கினார்.

மருந்துக்கடைக்காரர் மாமாவின் காதருகே குனிந்தார். "ஒரு தகடு கூடுதலா மாட்டியிருப்போம் சார். எடுத்துப் போட்டுட்டுக் கதவைத் திறங்க. அந்தம்மா முன்னாடி எதுக்கு இதெல்லாம்?"

"எந்தத் தகட்டை எடுத்துப் போடச் சொல்றீங்க?" என்றார் மாமா. "சொல்லுங்க, எடுக்கறேன்."

மருந்துக்கடைக்காரர் பாட்டுப் போடுகிற மேசைக்கே திரும்பிப் போனார்.

மாமா வாசல் கதவைப் பாதி திறந்து நின்றார். "எல்லாரும் ஒரு நிமிஷம் கேளுங்க. எங்க கணக்குல ஒரு ஆள் இடிக்குது. அது தெளிவாகாம மொத்தமாத் திறந்து விட மாட்டேன். ஒவ்வொரு நம்பராக் கூப்பிடுவேன். உங்க பிள்ளை வந்ததும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க."

"இடிக்குதுன்னா என்ன சார்?" முன்னால் நின்ற ஒரு தகப்பனாரின் குரல் உயர்ந்தது. "என் பொண்ணு உள்ள இருக்காளா, இல்லையா?"

"அதை வாயால சொல்ல மாட்டேன் சார். கண்ணால பாத்துட்டுப் போங்க. நீங்கதான் முதல்ல நிக்கறீங்க, அவ நம்பர் என்ன?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நூத்திப் பதினாலுப்பா," என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "எதுக்கு மானத்தை வாங்கறீங்க?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். தகப்பனார் மகளின் தலையில் கை வைத்துப் பார்த்துவிட்டு, அழைத்துக்கொண்டு போனார்.

கடைசி வரிசையிலிருந்து மேல்நோக்கி அழைத்தார் மாமா. கூப்பிட்டதும் ஒரு பிள்ளை வந்து கையை நீட்டும். மச்சினி தையல் கத்தரியால் நூலை வெட்டுவாள். மாமா இரண்டு தகட்டையும் ஒன்றாகச் சேர்த்து ஒருமுறை பார்த்துப் பெட்டியில் போடுவார். ஒவ்வொரு எண்ணைக் கூப்பிடும்போதும், இந்த எண்ணுக்கு ஆள் வராமல் போகப்போகிறது என்று காத்திருந்தார். எண்பத்து மூன்றைக் கூப்பிட்டபோது யாரும் வரவில்லை. அவர் மறுபடி கூப்பிட்டார். மச்சினியின் கத்தரி நின்றது.

"வரேன், வரேன்," என்று ஒரு பையன் ஓடிவந்தான். "பாட்டு முடியட்டும்னு இருந்தேன் மாமா."

"நல்லா இருந்த," என்றபடி மச்சினி நூலைச் சற்று அழுத்தியே வெட்டினாள்.

ஐம்பது. முப்பத்தொன்று. பத்தொன்பது. வாசலில் கூட்டம் கரைந்தது. பத்து, ஒன்பது, எட்டு. எட்டாம் எண் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். வெளியே காத்திருப்பவர் ஒருவரும் இல்லை. உள்ளே பிள்ளை ஒருவரும் இல்லை. எந்தப் பிள்ளையும் தொலையவில்லை.

பலகையில் முதல் வரிசையில் ஏழு தகடுகள் தொங்கின. அதன் முன்னால் ஆறு பேர் நின்றார்கள்.

மாமா ஒவ்வொருவர் கையாகப் பார்த்தார். தீயணைப்புக்காரர் கையில் ஆறு. டீச்சருக்கு ஐந்து. மருந்துக்கடைக்காரருக்கு நாலு. மச்சினிக்கு மூன்று. தன் கையில் இரண்டு. அந்த அம்மாவின் பையில் ஏழு. ஒன்றாம் எண் மட்டும் யார் கையிலும் இல்லை.

கை கழுவிக்கொண்டே இருக்கிற நர்ஸ் மணிக்கட்டில் எதையும் கட்ட மாட்டாள்; அவர் மனைவியும் கட்டியதில்லை. பதினோரு வருடமும் அவளுடைய தகட்டை அவர்தான் வைத்திருந்தார். அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். அது அங்கே இருந்தது. மதியம் எப்போது போட்டார் என்பது நினைவில்லை. வாய் பட்டனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கை தன் பழைய வேலையை முழுசாகச் செய்து முடித்திருந்தது.

"அக்காவோடது," என்றாள் மச்சினி மெதுவாக.

மாமா மண்டபத்து அம்மாவின் பக்கம் திரும்பினார். "தப்பு என்னோடதும்மா. இறந்துபோனவளுக்கும் ஒரு தகடு மாட்டிட்டேன். நீங்க குளறுபடி ஆகக் கூடாதுன்னீங்க. ஆயிடுச்சு. மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

அந்த அம்மா ஒரு அடி முன்னால் வந்தார். பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மண்டபத்துல பதினஞ்சு வருஷமா எத்தனையோ விருந்து பாத்திருக்கேன்," என்றார் பிறகு. "முடிஞ்சதும் கரண்டியை எண்ணுவாங்க. நாற்காலியை எண்ணுவாங்க. ஆளை எண்ணி, ஒண்ணு இடிக்குதுன்னு வாசல்ல நின்னு சொன்னவங்க யாருமில்ல." கைப்பையைத் திறந்து ஏழாம் தகட்டை எடுத்தார். "இதை நானே வெச்சுக்கலாமா? அடுத்த மாசம் வரும்போது கொண்டு வரேன்."

"கூடாதும்மா," என்றார் மாமா. "அதைக் குடுக்காம போனா, நீங்க இன்னும் உள்ள இருக்கறதா அர்த்தம்."

அந்த அம்மா முதன்முறையாகச் சிரித்தார். தகட்டை அவர் உள்ளங்கையில் வைத்தார். "அப்போ இதே நம்பரை எடுத்து வைங்க. ரெண்டாவது ஞாயிறுதானே?" சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு, பூட்டிக் கொண்டுவந்து கொடுக்கச் சொல்லிப் போய்விட்டார்.

மற்றவர்கள் தகடுகளைக் கொடுத்துவிட்டு நாற்காலி மடக்கப் போனார்கள். முதல் கொக்கியில் ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. மச்சினி எட்டி எடுக்கப் போய், கையை இறக்கிக்கொண்டாள்.

"நீங்களே எடுங்க அத்தான்."

அவர் எடுத்தார். பையில் இருந்ததோடு அதைச் சேர்த்துப் பிடித்தார். இரண்டும் சரியாகப் பொருந்தின. பெட்டியில் போடாமல், மடித்த கைக்குட்டைக்குள் வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு கருவிப் பையிலிருந்து ஒரு குறடு எடுத்து, முதல் கொக்கியைத் திருகத் தொடங்கினார்.

"அதை எதுக்குப் பிடுங்கறீங்க?"

"பழகின கைக்குப் புத்தி சொன்னா கேக்காது. பழைய கியர் இருக்கற இடத்துக்குத்தான் போகும். அங்க ஒண்ணும் இல்லன்னாத்தான் நின்னு பாக்கும்."

கொக்கி கழன்று வந்தது. மரத்தில் ஒரு சின்ன ஓட்டை மட்டும் தெரிந்தது. விளக்குகளை அணைத்து, சாவியை எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்துவதற்கு முன் மாமா ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தார். பலகையில் ஒன்றுமில்லை. உள்ளே ஒருவருமில்லை. பூட்டினார்.